1910இல் வோய்ச்சேக், 1920இல் ஆல்பர்ட்: இருவரும் ஒருவர்தாமா?

கேள்வி

என் கணவரின் கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர் என்பதைத் தவிர வீட்டில் எவருக்கும் வேறு விவரம் தெரியவில்லை. மாமியாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவர் காலத்திலேயே அந்தச் சொந்த ஊரின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் படித்து வருகிறேன்.

1910ஆம் ஆண்டுத் தாளில், பென்சில்வேனியாவின் லூசர்ன் கவுண்டியில் வோய்ச்சேக் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவி யாத்விகாவும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் வயது 11, 8, 5, 2. மூத்தவன் மட்டும் ரஷ்யப் போலந்தில் பிறந்தவன், மற்றவர்கள் பென்சில்வேனியாவில். 1920இல், மிச்சிகனின் ஹாம்ட்ராம்க்கில், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஆல்பர்ட், மனைவி ஹாட்டி, 18, 15, 11 வயதில் மூன்று பிள்ளைகள். குடும்பப் பெயர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: குறுக்குக்கோடு போட்ட ‘எல்’ எழுத்தில் தொடங்கி ‘ஸ்கி’ என்று முடிவது. ஆனால் கடைக்குட்டிக்கு மட்டும் பத்து ஆண்டில் ஒன்பது வயதுதான் கூடியிருக்கிறது. குடியேறிய ஆண்டு முதல் தாளில் கணவருக்கு 1898 என்றும், அடுத்ததில் இருவருக்குமே 1901 என்றும் உள்ளது. 1930இல் கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி அயல்நாட்டவர் என்று எழுதியிருப்பது கணக்கெடுப்பாளரின் பிழையா? 1900ஆம் ஆண்டுத் தாள்களில் இவர்களைக் காணவே முடியவில்லை.

மறுமொழி 1

சகோதரி, இது ஒரே குடும்பம் என்றே கருதுகிறேன். வோய்ச்சேக் என்பதற்கு நேரான ஆங்கிலப் பெயர் இல்லாததால் அங்கு வந்தவர்களில் பலர் ஆல்பர்ட் ஆனார்கள். யாத்விகா ஹாட்டியாவதும் வழக்கம்தான். பெயரை நம்புவதைவிடப் பிள்ளைகளின் வயது வரிசையை நம்புங்கள்.

கடைக்குட்டியின் வயதிலும் பிழை இல்லை. 1910இல் கணக்கிட்ட நாள் ஏப்ரல் 15. 1920இல் ஜனவரி 1. இடையில் முழுதாகப் பத்து ஆண்டுகள் செல்லவில்லை. முதல் நாளில் இரண்டு வயது நிரம்பியும், அடுத்த நாளில் பன்னிரண்டு நிரம்பாமலும் இருக்க வேண்டுமென்றால், அந்தக் குழந்தை 1908 ஜனவரி தொடக்கத்துக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். நீங்கள் முரண் என்று நினைத்ததே பிறந்த மாதத்தை நெருக்கிக் காட்டிவிடுகிறது.

இதே கணக்கை முதல் இரு பிள்ளைகளுக்கும் போட்டால், மூத்தவன் 1898 ஏப்ரலுக்குப் பின் போலந்திலும், அடுத்த குழந்தை 1901இல் பென்சில்வேனியாவிலும் பிறந்ததாகத் தெரிகிறது. ஆகவே கணவர் 1898இல் தனியாக வந்து, மனைவி கைக்குழந்தையோடு 1901வாக்கில் வந்து சேர்ந்திருக்கலாம். அப்படியானால் இரண்டு ஆண்டுகளுமே உண்மை. 1900 ஜூன் 1 நிலவரப்படி எடுத்த கணக்கில் குடும்பத்தைத் தேடாமல், இன்னொருவர் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த தனி மனிதரைத் தேடுங்கள். அந்தக் குறுக்குக்கோட்டு எழுத்தைத் தேடல் அட்டவணை தயாரித்தவர்கள் ‘டி’ என்று படித்துவிடுவது உண்டு. எனவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், பிறந்த ஆண்டு, கவுண்டி ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன குடும்ப அடையாளத்தை ஏற்கிறேன். ஆனால் 1900ஆம் ஆண்டுத் தாளுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. அது கிடைத்தாலும் ஊர்ப் பெயர் அதில் இருக்காது. 1795 முதல் 1918 வரை போலந்து தனி நாடாக இல்லாததால், அதைப் பங்கிட்டு ஆண்ட ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா என்பவைதாம் பெரும்பாலும் பிறந்த இடமாக எழுதப்பட்டன. 1920இல் மட்டும், எல்லைகள் மாறியிருந்த காரணத்தால், அந்நாடுகளில் பிறந்தவர்களிடம் மாகாணத்தையோ நகரத்தையோ கேட்டு எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் இருந்தது. உங்களிடமுள்ள 1920ஆம் ஆண்டு மூலத்தாளைப் பெரிதாக்கி, பிறந்த இடத்துக்கான கட்டத்தில் வோம்ஜா, புவோட்ஸ்க் போன்ற போலந்து இடப்பெயர் ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தாலும் அதையே சொந்த ஊர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்; அது மாகாணத்தின் பெயராக இருக்கலாம்.

1930ஆம் ஆண்டுத் தாளில் நீங்கள் பிழை என்று ஐயுற்றதுதான் உங்களுக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த தடயம். 1922 செப்டம்பர் 22க்கு முன் கணவர் குடியுரிமை பெற்றிருந்தால், அப்போதைய சட்டப்படி மனைவியும் தானாகவே குடிமகளாகியிருப்பார். மனைவி 1930இலும் அயல்நாட்டவராகவே இருந்தார் என்றால், கணவர் அந்த நாளிலோ அதற்குப் பிறகோதான் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த இடம், வந்த கப்பல், வந்த நாள், மனைவி மக்களின் விவரங்கள் எல்லாம் இடம்பெறும். ஹாம்ட்ராம்க் அடங்கிய வெய்ன் கவுண்டியின் நீதிமன்றப் பதிவுகளையும், டெட்ராய்ட் கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுகளையும் 1922 முதல் 1930 வரை தேடுங்கள்.

மனைவியின் கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடும்போது, குடும்பப் பெயரின் இறுதியை ‘ஸ்கா’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்; போலந்து மொழியில் ‘ஸ்கி’ பெண்களுக்கு அப்படி மாறும். யாரிடம் போகிறார் என்ற கட்டத்தில் கணவரின் பென்சில்வேனிய முகவரி இருக்க வாய்ப்புண்டு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. 1920ஆம் ஆண்டு மூலத்தாளை மீண்டும் திறந்து பார்த்தேன். தேடல் அட்டவணையில் ‘ரஷ்யா’ என்று மட்டும் இருந்த இடத்தில், மங்கிய மையில் ‘வோம்ஜா’ என்றே படிக்க முடிகிறது. கூடவே, 1910ஆம் ஆண்டுத் தாளில் இதுவரை கவனிக்காத ஒரு கட்டமும் கண்ணில் பட்டது: யாத்விகா பெற்ற பிள்ளைகள் 5, உயிரோடு இருப்பவர்கள் 4. அந்த ஐந்தாவது குழந்தையைப் பற்றி மாமியாருக்கு யாரும் சொன்னதில்லையாம். குடியுரிமை மனுவோடு, லூசர்ன் கவுண்டியின் போலந்துத் தேவாலயங்களில் உள்ள அடக்கப் பதிவேடுகளுக்கும் எழுதிக் கேட்கப் போகிறேன்.