முதல் நீண்ட ஓட்டம்: செர்பூரா, டார்ட்மவுத்தா?

முட்டம்காரி:

வணக்கம். நான் சவுத்தாம்ப்டனில் நர்ஸ். ஊர் குமரி மாவட்டத்து முட்டம். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர், ஆனால் என்னை ஒரு நாளும் அதில் ஏற்றியதில்லை. படகில் முதன்முதலாக ஏறியதே இங்கே வந்த பிறகுதான். கூட வேலை பார்க்கும் ஒருவரும் அவர் கணவரும் லிமிங்டனில் ஒரு காண்டெசா 32 (32 அடிப் பாய்ப்படகு) வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு இது மூன்றாவது கோடை.

இதுவரை ஓடிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் பூல் போய் வந்தோம். ஜூலையில் வேமவுத். லல்வர்த் பக்கம் ராணுவத்தின் சுடுதளம் இருப்பது வரைபடத்தில் தெரியும், ஆனால் காவல் படகு வி.எச்.எஃப். ரேடியோவில் நம் படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு "தெற்கே விலகிப் போங்கள்" என்றால் வயிறு கலங்கத்தான் செய்கிறது. புதன் மாலைப் பந்தயங்களில் ஷிஃப்ட் விட்ட அளவுக்கு ஏழு ஓடினேன். ஜூனில் வைட் தீவைச் சுற்றும் 50 கடல்மைல் பந்தயம். தீவின் மேற்கு முனையான நீடில்ஸில் 1947இல் மூழ்கிய கப்பலின் எலும்பு இன்னும் அடியில் கிடக்கிறது. பாறையை ஒட்டிக் குறுக்கே போகப் பார்த்தவர்கள் பலர் அதில் இடித்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே அதைப் பத்திரமாகத் தாண்டினோம். கடைசியில் தீவின் ரைடு ஊருக்கு வெளியே உள்ள மணல்திட்டில் போய் ஏறினோம்! எதிர் நீரோட்டத்துக்குப் பயந்து கரையோரம் ஒதுங்கியதன் பலன். அப்போது சுக்கான் என் கையில்தான் இருந்தது. நல்ல வேளையாக நீர் ஏறிக்கொண்டிருந்தது, 25 நிமிடத்தில் தானாக மிதந்தோம்.

செப்டம்பர் முதல் வாரம் மூன்று பேருக்கும் ஐந்து நாள் லீவு சேர்ந்தாற்போல் வருகிறது. கடலைக் கடந்து பிரான்சின் செர்பூர் போகலாம் என்கிறார்கள் படகுக்காரர்கள். கரையோரமாகவே மேற்கே டார்ட்மவுத் போனால் நடுவில் ஒதுங்க இடம் இருக்குமே என்பது என் எண்ணம். இரவில் நான் ஓட்டியதில்லை. படகுக்குள் கீழே அறையில் இறங்கி வரைபடத்தைக் குனிந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் வாந்தி. அப்பாவிடம் போனில் சொன்னேன். "காசு குடுத்து வாந்தி எடுக்கப் போறியா மக்கா?" என்கிறார். அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் 2027 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் ஓட வேண்டும் என்று ஆசை. அதற்கு எந்தப் பாதை உதவும்?

சுக்கான் (பிளைமவுத்):

தங்கச்சி, கரை பக்கத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறாய். இந்தக் கடலில் பெரும்பாலும் நேர்மாறு. டார்ட்மவுத் 80 கடல்மைலுக்கு மேல். வழியில் போர்ட்லண்ட் பில். அங்கே நீரோட்டம் கொந்தளித்துக் கிடக்கும். ஒன்று, முனையை உரசினாற்போல் நேரம் பார்த்துப் போக வேண்டும். இல்லையென்றால் நாலைந்து மைல் வெளியே விலக வேண்டும். அதைத் தாண்டினால் லைம் விரிகுடா, 40 மைல். காற்று மேற்கே திரும்பிவிட்டால் நீ ஒதுங்க நினைக்கும் அந்தக் கரையில் ஒதுங்க இடமே கிடையாது. தென்மேற்குக் காற்றுதான் இங்கே வழக்கம். அதாவது வழி முழுக்க எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு போகவேண்டும்.

செர்பூர் நீடில்ஸிலிருந்து சுமார் 60 மைல்தான். அதே தென்மேற்குக் காற்று நேர் எதிரே அல்ல, வலப்பக்கம் முன்னாலிருந்து சாய்வாக வரும். மேற்கே திரும்பினால் பக்கவாட்டில் வரும், இன்னும் நல்லது. பன்னிரண்டு மணி நேரத்தில் நீரோட்டம் ஆறு மணி கிழக்கே தள்ளும், ஆறு மணி மேற்கே தள்ளும். இரண்டையும் மொத்தமாகக் கூட்டிக் கழித்து ஒரே திசையில் பிடி. ஜிபிஎஸ் கோட்டைவிட்டு விலகுகிறதே என்று ஒவ்வொரு மணியும் திருத்திக்கொண்டிருக்காதே. கடைசி பத்து மைல் மட்டும் கவனம். நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, துறைமுகத்துக்கு அந்தப் பக்கமாகவே போய்ச் சேர். நீரோட்டம் துறைமுகத்தைத் தாண்டித் தள்ளிவிட்டால் ஊர் விளக்கு கண்ணெதிரே தெரிய, இரண்டு மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடுவாய். எனக்கு ஆகியிருக்கிறது.

நாள் பார்க்கும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேண்டாம். அஷ்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் நீரோட்டம் ஏறத்தாழ பாதிதான் இருக்கும். நம் ஊர் காலண்டரே போதும்.

கப்பல்கள்: முதலில் இடப்பக்கமிருந்து வரும், நடுக்கடல் தாண்டியபின் வலப்பக்கமிருந்து. பாய்ப்படகுக்குத்தான் வழி என்ற சட்டத்தை நம்பி 300 மீட்டர் கப்பலின் முன்னால் நிற்காதே.

வாந்திக்கு: வரைபட வேலை முழுவதையும் லிமிங்டனில் கட்டியிருக்கும்போதே முடித்து, ஒரு தாளில் எழுதி மேலே வைத்துக்கொள். கீழே போனால் படு, உட்காராதே. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் இருட்டும் பழகும், வெளிச்சத்தில் போய்ச் சேரலாம்.

போர்ட்ஸ்மவுத் தாஸ்:

அண்ணன் முக்கியமானதை விட்டுவிட்டார். உங்களிடம் இந்திய பாஸ்போர்ட்டா? அப்படியென்றால் ஷெங்கன் விசா வேண்டும், படகில் போனாலும் சரி. பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். இப்போதே அப்பாயின்ட்மென்ட் தேடுவது நல்லது. கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பிலிருந்து 2 மணி நேரத்துக்கு முன்புக்குள் இங்கே எல்லைத்துறைக்கு ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும். ஃபாஸ்ட்நெட்டே 2021 முதல் செர்பூரில்தான் முடிகிறது, ஆகவே இந்த விசா அலைச்சல் எப்படியும் உண்டு.

வல்வை மைந்தன்:

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கோ. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் எங்கட ஆட்களோட அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்டர் போய்ச் சேர்ந்தது. அதில் எத்தனை பேர் வாந்தி எடுத்தவை என்று ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை.

சுக்கான் (பிளைமவுத்):

ஃபாஸ்ட்நெட் பற்றி. படகோட்டிகளில் தலைவரும் குறைந்தது பாதிப் பேரும் முந்தைய 12 மாதத்தில் 300 மைல் தகுதி ஓட்டம் முடித்திருக்க வேண்டும். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைச் சுற்றும் மே மாதப் பந்தயம் சுமார் 230, கவ்ஸிலிருந்து செயின்ட் மாலோ 151. இரண்டும் போதும். 1979 புயலில் 303 படகு கிளம்பி 86தான் முடித்தன, பந்தயத்தில் ஓடியவர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் முடித்த ஒரே படகு ஒரு காண்டெசா 32. படகைப் பற்றிக் கவலைப்படாதே.

முட்டம்காரி:

நன்றி அண்ணா, எல்லோருக்கும். செர்பூர்தான். விசா மட்டும் உதைக்கிறது, கிடைக்கும் முதல் அப்பாயின்ட்மென்டே செப்டம்பர் 9. அதனால் இந்த வருடம் லிமிங்டனிலிருந்து பூலுக்கு ஒரு முழு இரவு ஓட்டம், செர்பூர் அடுத்த மே.

அப்பாவிடம் நீரோட்டக் கணக்கைச் சொன்னேன். நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று கேட்டார். கரையில் எதை எதோடு நேர்பார்த்து கணியம் வைப்பீர்கள் என்றும் கேட்டார். கரையே தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி ஒண்ணுக்குப் போறப்ப கயிறு கட்டிக்கிட்டுப் போ" என்றார்.