புல்லு கதிர் வாங்கறதுக்கு முன்னாடி படலைத் தெறந்துட்டேனுங்க

காங்கயத்துக்குத் தெக்க எங்களுக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு, ஆடு மாடு மேய்க்கறதுக்குன்னே உட்ட மானாவாரிப் புல்லுக்காடுங்க. கிளுவை முள்ளுச்செடி வேலி போட்டு மேக்காடு, கீழ்க்காடுன்னு ரெண்டா அடைச்சிருக்குது. செம்மண்ணும் சரளையும்தான். கொழுக்கட்டைப்புல்லு, வெள்வேல மரம் தவிர அதுல வேற ஒண்ணும் பெருசாத் தாக்குப்பிடிக்காது. மூணு மாடு, ரெண்டு கன்னு, இருபது ஆடு அதை நம்பித்தான் கெடக்குது.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசியில நல்ல மழை. பத்து நாள்ல காடு பச்சைப்பசேல்னு ஆயிருச்சு. அதுவரைக்கும் சோளத்தட்டை வெலைக்கு வாங்கிப் போட்டுக் கை காஞ்சு கெடந்த நேரம். அப்பாரு, "இரு சாமி, புல்லு கதிர் வாங்கி வெதை உதுரட்டும், பொறவு உடலாம்"னாரு. இவருக்கு மாட்டைவிடப் புல்லு மேலதான் பாசம்னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு காட்டு வேலிப் படலையும் தெறந்து உட்டுட்டேன். மாடுக தலை நிமிரவே இல்லை.

தை பொறக்கறதுக்குள்ள காடு மொட்டை. வெதையும் உழுகலை, தூரு தேறறதுக்குள்ள கடிச்சதுல வேரும் போச்சு. அடுத்த மழைக்குப் புல்லு திட்டுத் திட்டாத்தான் வந்துச்சு, மிச்ச எடமெல்லாம் கொழிஞ்சிச் செடி. மாடு அதை மோந்து பாத்துட்டு நவுந்துரும். கோடையில வெள்வேலங்காய் உதுந்ததால ஆடுக தப்பிச்சுது. மாட்டுக்கு மறுபடியும் தட்டுதான், அதுவும் கடனுக்கு.

போன ஆடியில கீழ்க்காட்டை உழுது கொள்ளோட புல்லு வெதையும் வெதைச்சோம். அந்த வெதை பஞ்சாட்டம் காத்துல பறக்கும், ஈர மணல்ல கலந்துதான் வீசோணும். இதையும் அப்பாருதான் சொல்லிக் குடுத்தாரு. இந்தத் தடவை வாயைத் தெறக்காம கேட்டுக்கிட்டேன்.

* * *

நாங்க வெள்ளகோயில் பக்கமுங்க. புல்லு போனாக்கூட வெதைச்சு மறுபடி கொண்டாந்துரலாங்க அண்ணா. எங்களுக்குத் தொல்லை நாய்தான். கொறங்காட்டுக்குள்ளயே பட்டி போட்டு ஆடு அடைக்கறது மாமனார் காலத்துப் பழக்கம். ஒரு விடியக்காலம் பால் கறக்கப் போனா பட்டியில சத்தமே இல்லை. ஒம்பது ஆடு செத்துக் கெடந்துச்சு, ஒண்ணைக்கூட முழுசாத் தின்னுருக்கலை. வேலியில கிளுவை பட்டுப்போன ஒரு சந்து, அவ்ளோதான் வழி. மழைக்கு முன்னாடி வேலியைச் சுத்தி நடந்து பட்ட எடத்துல புதுசாக் கிளுவைக் கெளையை வெட்டி நடுங்க. நாங்க அந்த வருசம் நடலை.

* * *

கன்னு கதை ஒண்ணு நானும் சொல்றேன். எங்க மயிலைப் பசு, சாம்ப நெறமுங்க, செவலைக் கன்னு போட்டுச்சு. வாங்க வந்தவரு, "கலப்பாட்டம் இருக்குதே"ன்னு வெலையைப் பாதியாக்கிட்டாரு. காங்கயங்கன்னு பொறக்கறப்பச் செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசத்துல நெறம் மாறும்னா நம்பலை. குடுக்கலை. சித்திரையில கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போனேன். அதே ஆளு வந்து பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு, "நல்ல மயிலைங்க, என்ன சொல்றீங்க?"ங்கறாரு. ரெண்டு மடங்கு சொன்னேன்.

* * *

முதல்ல எழுதுன ஆளுதானுங்க. தங்கச்சி, நீங்க சொன்னதும் போய்ப் பாத்தேன், எங்க வேலியிலயும் மூணு சந்து இருக்குது. கீழ்க்காட்டுல இப்பக் கதிர் வந்துருச்சு. அப்பாரு தெனமும் பொழுதோட போய் ஒரு கதிரை உருவிப் பாத்துட்டு வர்றாரு. படலுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டாரு. சாவி அவரு மடியிலதான்.