வடக்கெல்லையைப் பற்றிப் பேசப் போன நாள்

பள்ளி நாட்களில் மேடையேறிய அனுபவங்களைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது 1998ஆம் ஆண்டு நடந்தது. அப்போது நான் திருத்தணிப் பகுதியிலுள்ள பொதட்டூர்ப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தேன். திருத்தணியில் நடக்கவிருந்த பள்ளிகளுக்கு இடையேயான பேச்சுப் போட்டிக்கு என் பெயரைத் தமிழய்யா கொடுத்துவிட்டு, 'வடக்கெல்லை காத்த வரலாறு' என்ற தலைப்பில் தம் கையால் எழுதிய நான்கு பக்கங்களைத் தந்து, பத்து நாளில் மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்றார். கொடுக்கப்பட்ட நேரம் 5 நிமிடம். அந்த நான்கு பக்கங்களை மூச்சு விடாமல் ஒப்பித்தாலும் 7 நிமிடம் ஆகும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. எதைக் குறைப்பது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முன்கட்டு முழுவதும் விசைத்தறி. நான்கு தறிகள் ஓடும் சத்தத்துக்கு நடுவில் நின்றுதான் நான் ஒத்திகை பார்த்தேன். நாடா அடிக்கும் ஓசைக்கு மேலே என் குரல் எழும்ப வேண்டும் என்று கத்திக் கத்தி, ஒரு வாரத்தில் சாதாரணமாகப் பேசுவதற்கே மறந்துவிட்டேன். வகுப்பில் பேசிக் காட்டியபோது ஐயா பாதியிலேயே நிறுத்தி, "யாரோடம்மா சண்டை போடுகிறாய்?" என்று கேட்டார். பிறகு மாலையில் காலியான வகுப்பறையின் கடைசி பெஞ்சில் தாம் உட்கார்ந்துகொண்டு, தம் காதுக்கு எட்டும் அளவுக்கு மட்டும் பேசினால் போதும் என்றார். குரல் சரியானதும் நாக்கின் குறை வெளியே வந்தது. தெலுங்கு கலந்த தமிழ் பேசி வளர்ந்த எங்களுக்கு ழகரம் எளிதில் வராது. எனக்குக் கிடைத்த தலைப்போ அந்த எழுத்தின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. எல்லைப் போராட்டத்தை நடத்திய தமிழரசுக் கழகம், எல்லைப்புற ஊர்களில் தமிழ் கற்பித்த மங்கலங்கிழார், வடக்கே வாழும் தமிழர் என்று வரிக்கு ஒரு ழகரமாவது வந்துவிடும். விடியற்காலையில் தறி ஓடத் தொடங்கும் முன் அந்தப் பெயர்களை ஐம்பது முறை சொல்லிப் பழகினேன்.

ஐயா எழுதித் தந்த உரையில் பிழை எதுவும் இல்லை. 1953 அக்டோபர் 1 அன்று கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுள் போனது, மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அச்சகத்தில் எழுத்துக் கோத்த, தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. 'வடவேங்கடம் தென்குமரி' என்ற பழைய எல்லையைச் சொல்லி மக்களைத் திரட்டியது, எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, திருப்பதியும் காளத்தியும் புத்தூரும் அங்கேயே நின்றுவிட்டன என்று எல்லாம் வரிசையாக இருந்தன. மூன்றாம் பக்கத்தின் நடுவில், 'நம்மிடமிருந்து அவர்கள் பறித்துக் கொண்ட மண்' என்று ஒரு வரி வரும். அங்கே குரலை உயர்த்த வேண்டும் என்று ஐயா பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

ஒரு நாள் மாலையில் கரண்ட் நின்றது. தறிகள் ஒரே நேரத்தில் அடங்கிவிட, நான் அந்த வரியை உயர்த்திய குரல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஓரமாக உட்கார்ந்து, தறி நாடாவில் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்த என் பாட்டி, ஆயா, கையை நிறுத்திவிட்டு, "யாருடி பறிச்சது? எங்க அண்ணனா?" என்று கேட்டார்.

ஆயா பிறந்த ஊர் நகரி. 1958இல் பொதட்டூர்ப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இரண்டு ஊரும் ஆந்திரத்தில், ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. அவர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் எல்லை வந்து நின்றது. இங்கே இருப்பவர்களுக்குச் செங்கற்பட்டு மாவட்டம் ஆயிற்று, அவருடைய அண்ணனுக்குச் சித்தூரே நிலைத்தது. அண்ணன் பிள்ளைகள் தெலுங்கில் படித்தார்கள், ஆயாவின் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். கல்யாணப் பத்திரிகை இரண்டு எழுத்திலும் அச்சாயிற்று. தறியும் நூலும் வியாபாரமும் முன்பு போலவே இரு பக்கமும் போய் வந்தன. இவ்வளவையும் ஆயா வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் தாரைச் சுற்றப் போய்விட்டார்.

அன்றிரவு முதல் பக்கத்தை எடுத்துவிட்டு ஆயாவின் திருமணத்திலிருந்து உரையைத் தொடங்கினேன். ஐயா அதைப் படித்துப் பார்த்துவிட்டு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் 'அவர்கள் பறித்துக் கொண்ட' என்ற வரியை எடுக்கவும் விடவில்லை, போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களின் உணர்வு அது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

போட்டி நாளன்று ஒலிபெருக்கியின் முன் முதன்முறையாக நின்றேன். என் குரலே வேறொருத்தியின் குரல் போல எதிரிலிருந்து திரும்பி வந்தது. தலைவர், நடுவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், மாணவச் செல்வங்கள் என்று ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு நிமிடம் போய்விட்டது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது இந்த விளிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயாவின் கதையைச் சொன்ன வரைக்கும் அவை அமைதியாக இருந்தது. பிறகு ஆண்டுகளும் ஆணையங்களும் தொடங்கின. முதல் மணி அடித்தபோது நான் 1953ஐத்தான் எட்டியிருந்தேன், 1960க்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டாம் மணி அடித்துவிட்டது. மூன்றாம் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவர் என்னை அழைத்து, "முதல் இரண்டு நிமிடம் பேசினாயம்மா, அதற்குப் பிறகு ஒப்பித்தாய், மாறிய இடம் எனக்குத் தெரிந்தது" என்று சொன்னார். அந்த இடம் எனக்கும் தெரிந்துதான் இருந்தது. முதல் பகுதியில் அடுத்து என்ன நடந்தது என்பதை நினைத்தபடி பேசினேன், இரண்டாம் பகுதியில் அடுத்த வரி எந்தச் சொல்லில் தொடங்கும் என்பதை நினைத்தபடி பேசினேன்.

ஆயா பரிசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நகரிக்குப் போனபோது, அண்ணன் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் உட்கார வைத்து, "அங்க பேசுனத இங்க பேசு" என்றார். உண்மையில் கடினமான மேடை அதுதான். ஒலிபெருக்கி இல்லை, மணி இல்லை, எதிரில் ஆயாவின் அண்ணனும் அவருடைய மகன்களும் பேரப்பிள்ளைகளும் மட்டும்தான். கதை நன்றாகவே போயிற்று. போராட்டத்துக்கு வந்ததும், 'நாம் போராடினோம்' என்ற வரியில் நாக்கு நின்றுவிட்டது. நாம் என்று சொன்னால் எதிரில் இருப்பவர்களும் அதில் சேர்ந்துவிடுவார்கள், அவர்களோ போராட்டம் எட்டாத பக்கத்தில் நின்றுவிட்டவர்கள். நாங்கள் என்று சொன்னால் ஆயாவை அவருடைய அண்ணனிடமிருந்து நானே பிரித்துவிடுவேன். கடைசியில் பெயர்களைச் சொல்லித்தான் முடித்தேன்: ம.பொ.சி. போராடினார், மங்கலங்கிழார் போராடினார், பொதட்டூர்ப்பேட்டை அந்தப் பக்கம் போயிற்று, நகரி இந்தப் பக்கம் நின்றது. மூன்றாம் பக்கத்து வரி தானாகவே விழுந்துபோனது. அளந்து பார்க்கவில்லை, ஆனால் 5 நிமிடத்துக்குள் முடிந்திருக்கும்.

இன்று என் மாணவிகள் உரை எழுதிக்கொண்டு வந்தால், எங்கெங்கே நாம், எங்கெங்கே நாங்கள் என்று இருக்கிறது என்பதைத்தான் முதலில் வட்டமிட்டுப் பார்க்கிறேன். அந்தச் சொல்லுக்குள் அவையில் இருக்கும் யார் யார் அடங்குவார்கள் என்று அவர்களையே கேட்கிறேன். விளிப்புக்கு மூன்று பெயருக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை.

•

இதற்கு நகரியிலிருந்து ஒரு மறுமொழி. நான் இந்தப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண், படித்தது தெலுங்கு வழியில். ஏழாம் வகுப்பில், ஆந்திரப் பிரதேசம் அமைந்த நாளான நவம்பர் 1க்குப் பொட்டி ஸ்ரீராமுலுவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. தனி ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர் நீத்தவர் அவர். வீட்டில் அப்பா உதவி செய்வதற்காக உரை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். நீங்கள் நாம் என்று சொல்லும் இடத்தில் தெலுங்கில் 'மனம்' என்று வரும், நாங்கள் என்பதற்கு 'மேமு'. தமிழ் எழுத்தில் 'மனம்' என்று எழுதியிருந்ததால், அப்பா அதை உள்ளம் என்றே படித்து, "ஸ்ரீராமுலுவின் மனமா, யாருடைய மனம்?" என்று கேட்டார். உடனே எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. சென்னை தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டதைச் சொல்லும் வரியில், தமிழ் வீட்டுப் பிள்ளையான நான் 'மனம்' என்று சொல்லலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்த ஒரு வரியில் மட்டும் 'ஆந்திரர்கள்' என்று மாற்றித் தந்தார். மற்ற இடங்களில் 'மனம்' என்றுதான் பேசினேன், மனத்தோடுதான் பேசினேன்.

உங்கள் ஆயா சொன்னவற்றை எழுதி வைத்திருந்தால் தயவுசெய்து இன்னும் விரிவாகப் பகிருங்கள். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டு விழாவில் எங்கள் ஊரைப் பற்றித் தெலுங்கில் பேசப் போகிறாள். அந்தக் கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது உங்களிடம் இருந்தால் அதைப் பார்க்க ஆசைப்படுகிறாள்.