வெயில் ஏறினால் ஹைப்போ டோசிங் பம்ப் காற்று பிடிக்குது. லைனுக்குள் ஆசிட் விடலாமா?

கேள்வி
போர் தண்ணீர், மணிக்கு 50,000 லிட்டர். 10% சோடியம் ஹைப்போவை (கிருமி கொல்லும் குளோரின் மருந்து) அதே போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின்) போடுறோம். மதியமானா பம்ப் அடிக்குது, மருந்து மட்டும் ஏறலை. சக்ஷன் டியூப் முழுக்கக் குமிழி. மருந்து மெயின் லைனில் இறங்கும் இன்ஜெக்ஷன் வால்வில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா கட்டியிருக்கு. கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை பம்ப்பிலேயே உறிஞ்ச விட்டா கரைஞ்சிடும்னு சொல்றாங்க. செய்யலாமா?

பதில் 1
வேண்டவே வேண்டாம். லைனில் ஹைப்போ மிச்சமிருந்தா ஆசிட் பட்ட இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். வால்வு சேம்பருக்குள்ளேயே தேங்கி நிற்கும், குனிஞ்சு வேலை பார்க்கிறவர் முகத்துக்கு நேரா.

முதலில் ஃபுட் வால்வை (சக்ஷன் டியூபின் அடி நுனியில் இருப்பது) டேங்கிலிருந்து எடுத்து, வெளிப்பக்கம் கழுவி, சுத்தமான தண்ணீர் வாளியில் போட்டு பம்ப்பை ஓட்டுங்க. டெலிவரி டியூபில் ஹைப்போ வாடை துளியும் இல்லாமல் போகும் வரை ஓடணும். பிறகு பம்ப் கரண்டை நிறுத்தி, இன்ஜெக்ஷன் பாயிண்டில் மெயின் லைனைத் தடுக்கும் வால்வை மூடி, ப்ளீட் வால்வைத் திறந்து பிரஷரை இறக்குங்க. இன்ஜெக்ஷன் வால்வைக் கழற்றி, திறந்த வெளியில் தனி வாளியில் வினிகரில் ஊறப்போட்டாலே போதும். நுரைச்சா அது கால்சியம் கார்பனேட். திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி நல்லா அலசணும். பலர் கோட்டை விடுறது இந்த இடத்தில்தான்.

பதில் 2
அடைப்புக்குக் காரணம் உங்க போர் தண்ணீர். ஹைப்போவில் காஸ்டிக் சோடா இருப்பதால் கடின நீர் கலந்ததுமே சுண்ணாம்பு பிரியும். சாஃப்ட்னர் அல்லது ஆர்ஓ தண்ணீரில் கலக்குங்க. குமிழி என்பது ஹைப்போ சூட்டில் சிதையும்போது வரும் ஆக்சிஜன். டேங்குக்கு நிழல் வேணும், பம்ப் டேங்க் மட்டத்துக்குக் கீழே இருக்கணும், சக்ஷன் டியூப் குட்டையா இருக்கணும்.

5% கரைசலில் 2 பிபிஎம்முக்கு மணிக்கு 2 லிட்டர் போகணும். சூட்டில் சிதைஞ்சு அது 3.5% ஆகிட்டா கிட்டத்தட்ட 2.9 லிட்டர் வேணும். பம்ப்பின் ஸ்ட்ரோக் அளவை மட்டும் பார்த்துட்டு இருந்தா இது தெரியாது. கடைக்கோடி குழாயில் ரெசிடுவல் (மிச்சக் குளோரின்) 0.2 பிபிஎம்முக்குக் கீழே இறங்கின பிறகுதான் தெரியும்.

இன்னொன்னு: சாதாரண பால் வால்வை (உள்ளே பந்து சுழலும் வால்வு) மூடினா பந்துக்குள் சிக்கின ஹைப்போ சிதைஞ்சு வாயு சேர்ந்து வால்வையே வெடிக்க வைக்கலாம். டேங்க் பக்கம் பார்த்த மாதிரி பந்தில் துளை போட்ட வால்வு கிடைக்குது, அதை மாட்டுங்க.

கேட்டவர்
நன்றி. என்95 மாஸ்க் போதுமா? பிஏசி (கலங்கலைத் தெளிய வைக்கும் பாலி அலுமினியம் குளோரைடு) அளக்கிற மக்கிலேயே ஹைப்போவும் எடுக்கிறோம்.

பதில் 1
என்95 தூசிக்குத்தான், வாயுவை நிறுத்தாது. குளோரினுக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, ரப்பர் கையுறை வேணும். காற்றில் 10 பிபிஎம் குளோரினே உயிருக்கு ஆபத்தான அளவு. வாயு கிளம்பிட்டா கார்ட்ரிட்ஜை நம்பி உள்ளே போகாதீங்க. காற்று வரும் திசை பார்த்து மேட்டுப் பக்கம் வெளியேறுங்க. கண்ணில் தெறிச்சா 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிட்டு ஆஸ்பத்திரி.

மக்கை இன்னைக்கே பிரிச்சிடுங்க. பிஏசியும் அமிலம்தான், ஹைப்போவோடு சேர்ந்தா அதே குளோரின் வரும். டேங்கர் ஹோஸ் மாட்டும் வாயும் இரண்டுக்கும் வேற வேற சைஸில் இருந்தா மாத்தி ஊற்றவே முடியாது.