கார் பாட்டுக்கு ரிவெர்ப் (எதிரொலி) எவ்வளவு வைக்கலாம்?

ஸ்ட்ராட்_சேது:
அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸ் 1960-களில் காரைப் பற்றிப் பாடிய ‘409’, ‘ஷட் டவுன்’, ‘லிட்டில் டியூஸ் கூப்’ மூன்றையும் மேடைக்குத் தயார் செய்கிறோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதார், 9 கேஜ் (மெல்லிய) கம்பி, ஆம்பிலேயே (ஆம்ப்ளிஃபயர்) உள்ள ஸ்பிரிங் ரிவெர்ப். ரிவெர்பைக் கூட்டினால் பாடுவது காதில் விழவில்லை, குறைத்தால் சர்ஃப் (அலைச்சறுக்குக் கால கிதார் இசை) மாதிரியே இல்லை. எங்கே தப்பு?

ஷஃபிள்மணி:
கிதாரில் தப்பில்லை, எதிர்பார்ப்பில்தான். சொட்டச் சொட்ட நனைந்த சத்தம் டிக் டேலின் ‘மிசிர்லு’, சாண்டேஸின் ‘பைப்லைன்’ மாதிரி குரலில்லாத உருப்படிகளுக்கு உரியது. கார் பாட்டெல்லாம் குரல் பாட்டு. கிதார் அங்கே ராக் அண்ட் ரோல் கிதார்காரர் சக் பெர்ரி வழி. பீச் பாய்ஸின் ‘ஃபன் ஃபன் ஃபன்’ தொடக்கம் ஒன்றே சாட்சி. ‘டியூஸ் கூப்’ அசல் ஷஃபிள் (நீளம்-குறுகலாகத் துள்ளும் தாளம்). ரிவெர்ப் 2-க்கு மேல் வேண்டாம். உழைப்பையெல்லாம் ஹார்மனியில் (பல குரல் சேர்ந்து பாடுவதில்) போடுங்கள். ரெக்கார்டில் ஒரே குரலை இரண்டு தடவை பாடி அடுக்கியிருப்பார்கள். மேடையில் அந்தக் கனம் வர, முக்கிய வரியை இருவர் ஒரே சுருதியில் பாட வேண்டும்.

ஸ்பிரிங்பெட்டி:
மேலே சொன்னது சரி. ஆனாலும் நடுவில் ஒரு ‘பைப்லைன்’ வாசிக்காமல் விடமாட்டீர்கள், அதற்காக:

ஆம்பில் உள்ள ரிவெர்பில் பெரும்பாலும் ஒரே திருகுதான். ஃபெண்டர் 1961-ல் விட்ட தனிப்பெட்டியில் டுவெல், மிக்ஸ், டோன் என்று மூன்று. ஸ்பிரிங்கை எவ்வளவு பலமாக உதைக்கிறோம் என்பது டுவெல். அந்தச் ‘சொட்டு’ பிறப்பது அங்கேதான். கிதார், பெட்டி, ஆம்ப் என்ற வரிசையில் இணைத்து, மூன்றையும் 5-ல் வைத்து ஆரம்பியுங்கள். ஆம்ப் கிளீனாக இருக்கட்டும். அது கரகரத்தால் ரிவெர்ப் வாலும் சேர்ந்து கரகரத்து எல்லாம் கூழாகிவிடும். பெட்டியை ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள், அதிர்வில் ஸ்பிரிங் உறுமும்.

9 கேஜ் இதற்கு ஆகாது. வேகமாக மேலும் கீழும் பிக் பண்ணும்போது கம்பி தளதளவென்று ஆடி சுருதி ஏறிவிடும். 11 அல்லது 12 போடுங்கள், மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக (மேலே மெல்லிய கம்பி சுற்றியதாக) இருந்தால் நல்லது. இழுவிசை கூடுவதால் பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் அடிப்பக்கத் தகடு) முன்னால் சாயும். கிதாரின் பின்பக்கம் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் மூன்றென்றால் நான்கோ ஐந்தோ ஆக்குங்கள். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் துண்டு) பள்ளத்தையும் அகலப்படுத்தணும். இல்லாவிட்டால் கம்பி அதில் சிக்கி, டிரெமோலோ பிடியை (சுருதியை ஆட்டும் கைப்பிடி) அழுத்தி விட்டதும் பழைய சுருதிக்குத் திரும்பாது.

கார்புரேட்டர்_கண்ணன்:
பாடுகிறவருக்கு: பாட்டில் வரும் இந்த எண்ணெல்லாம் என்ஜின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஷெவியின் (ஷெவர்லே) 409 என்றால் 6.7 லிட்டர். ‘ஷட் டவுன்’ பந்தயத்தில் 413 டாட்ஜ், அதாவது 6.8 லிட்டர், எதிரே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள ஷெவர்லே ஸ்டிங்ரே. ‘டியூஸ்’ என்ற சொல்லில் மட்டும் கவனம். பீச் பாய்ஸிடம் அது 1932 ஃபோர்டு. ரானி அண்ட் தி டேட்டோனாஸின் ‘ஜி.டி.ஓ.’ (1964) பாட்டில் வரும் மூன்று டியூஸ், இரட்டைத் தொண்டை கார்புரேட்டர் மூன்று.

நீங்கள் எடுத்த மூன்றுமே பி-சைடுகள் (இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டுகள்), கவனித்தீர்களா? ‘சர்ஃபின் சஃபாரி’, ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’, ‘சர்ஃபர் கேர்ள்’ என்ற கடல் பாட்டுகளின் மறுபக்கம். கடல் இல்லாத ஊரிலும் கார் இருந்ததே!

ஸ்ட்ராட்_சேது:
நட்டை எந்த அரத்தால் தேய்ப்பது?

ஸ்பிரிங்பெட்டி:
கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரம். பக்கவாட்டில் மட்டும் தேயுங்கள், அடியைத் தொட்டால் ஓப்பன் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும்.