மறு: 'க்ரூவ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> ஜாஸ், ஹவுஸ், ரெகே, ஆம்பியன்ட் எல்லாவற்றிலிருந்தும் க்ரூவை நம்பி ஓடும் இசைத்தட்டுகளாகப் பொறுக்கி ஒரு பரிந்துரை எழுதுகிறேன். 'துள்ளல்', 'தாளக்கட்டு', 'சுழல்லயம்' மூன்றில் எதை வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். க்ரூவ் என்று இங்கே சொல்வது, கேட்பவரின் காலைத் தானாக ஆடவைக்கும் தாள ஓட்டத்தை.

அகராதியைப் புரட்டுவதைவிட, பரிந்துரையில் வரப்போகும் தட்டுகளின் மேலேயே இந்தச் சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தட்டில் ஒட்டி அடுத்ததில் வழுக்கினால் அது பொதுச்சொல் ஆகாது.

ஜாஸில் லீ மார்கனின் 'த சைட்வைண்டர்' (1964) துள்ளலுக்குக் கச்சிதம். பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ் அப்படித்தான் போகிறது. ஆனால் ரெகேவின் ஒன் டிராப் அடிக்கு வந்தால் சொல் நொண்டுகிறது. நான்கு எண்ணினால், ஒன்றில் பாஸ் டிரம் விழாது, மூன்றில்தான் விழும். பாப் மார்லியின் 'ஒன் டிராப்' (1979) பாட்டில் கார்ல்டன் பாரெட் டிரம்ஸ் வாசிப்பதைக் கேளுங்கள். முதல் எண்ணிக்கையின் வெறுமைதான் உடம்பை இழுக்கிறது. கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று யாப்பில் பிரித்துவைத்தார்களே, ரெகே இரண்டாவதன் பக்கம். (அங்கே தூங்கல் என்றால் தொங்கி அசைவது. இன்று அப்படி எழுதினால் ரெகே ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

தாளக்கட்டு நல்ல சொல், புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் அது தாளில் எழுதிக்காட்டக்கூடிய அமைப்பைச் சொல்கிறது. அதே அமைப்பை இரண்டு குழுக்கள் வாசித்து, ஒன்றுக்கு மட்டும் கால் தானாக ஆடுகிறதே, அந்த வித்தியாசத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். ஹவுஸில் மிஸ்டர் ஃபிங்கர்ஸின் 'கேன் யூ ஃபீல் இட்' (1986) பாட்டில் நாலு எண்ணிக்கைக்கும் சமமாக விழும் கிக் (பாஸ் டிரம் அடி), எந்த டிரம் மெஷினாலும் முடிகிற காரியம். அந்த அடிகளுக்கு நடுவே பாஸ், அதாவது தாழ்ந்த சுரங்களில் ஓடும் வரி, நுழைந்து நெளிவதில்தான் சரக்கு இருக்கிறது.

சுழல்லயத்தைத் தள்ளுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' (1973) தட்டில் 'கமீலியன்' ஆரம்பத்தில் சின்தசைசரில் வரும் பாஸ் வரி திரும்பத் திரும்பச் சுழல்கிறது. மானுவல் கோட்ஷிங் 1981-இல் ஒரே மூச்சில் பதிவு செய்து 1984-இல் வெளியிட்ட 'ஈ2–ஈ4' ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுழற்சி. இதுவரை சரி. ஆனால் ஆம்பியன்டில், அதாவது சூழலாகப் பரவும் இசையில், பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) என்ன ஆகும்? அதுவும் சுழற்சிதான், வெவ்வேறு நீளமுள்ள டேப் துண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. அழகான தட்டு, க்ரூவ் கிடையாது. அதே ஆம்பியன்டில் வொல்ஃப்காங் ஃபோக்ட், காஸ் என்ற பெயரில் போட்ட 'கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட்' (1999), ஒலிமூட்டத்துக்கு அடியில் மங்கலாக ஒரு கிக்கை நடக்கவிடுகிறது. அதில் உண்டு. ஆக, சுழல்வது மட்டும் போதாது. நடக்கவும் வேண்டும், ஒன்றோடொன்று இழையவும் வேண்டும்.

'நடை' என்று மட்டும் வைத்தால் கர்நாடக சங்கீதத்தின் திஸ்ர நடை, கண்ட நடையோடு (ஒவ்வொரு எண்ணிக்கையையும் மூன்றாக, ஐந்தாகப் பிரிப்பது) மோதும். அதனால் என் முன்மொழிவு: இழைநடை. இழைந்த, இழைகின்ற, இழையும் நடை என வினைத்தொகை. பாஸும் டிரம்ஸும் இழையும். மெஷினும் கிட்டாரும்கூட இழையும்.

தட்டில் ஊசி ஓடும் பள்ளம் தனி விஷயம். அதற்குச் 'சால்' போதும், உழுசால் போல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

———

> இழை என்றதும் நூல்தான் நினைவுக்கு வரும். பேச்சில் நிற்குமா? 'செம க்ரூவ்' என்பதை எப்படிச் சொல்வீர்கள்?

நூல் நினைவுக்கு வந்தால் நல்லதுதான் ஐயா, பொருள் கெடவில்லை. 'குழுவுக்கு இன்னும் இழைநடை கூடிவரவில்லை', 'பாஸ் வந்ததும் இழைநடை பிடித்துக்கொண்டது', 'இழைநடைத் தட்டுகள்' எல்லாம் வாயில் வருகிறது. 'செம க்ரூவ்' என்பவர் அப்படியே சொல்லட்டும். அவரை யாரும் திருத்தப் போவதில்லை. கட்டுரையில் எழுதத்தான் சொல் வேண்டும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: ஜமைக்காவின் 'ரிடிம்' என்பதையும் இதற்குள் அடக்கிவிடாதீர்கள். அது பல பாடகர்கள் தங்கள் பாட்டை ஏற்றிக்கொள்ளும் ஒரே பின்னணி இசை. வெய்ன் ஸ்மித் 1985-இல் பாடிய 'ஸ்லெங் டெங்' ரிடிமில், கேசியோ கீபோர்டிலேயே இருந்த தாளத்தின் மேல், அதற்குப் பின் எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். அதை ரிடிம் என்றே எழுதுங்கள்.