நரம்பிழைகள் மாறாதபோது மூளையின் வலையமைப்பு எப்படி மாறுகிறது?

நிலவன்:
12 கோடுகளால் வரையப்பட்ட நெக்கர் கனசதுரத்தை உற்றுப் பார்த்தால், முன்பக்கமாகத் தெரிந்த சதுரம் சில வினாடிகளில் பின்பக்கமாகிவிடுகிறது. படத்தில் ஒரு கோடும் நகரவில்லை. இத்தகைய தருணங்களில் மூளை தன் வலையமைப்புகளை மறுசீரமைத்துக்கொள்கிறது என்கிறார்கள். ஆனால் நரம்பிழைகள் ஒரு நொடிக்குள் வளர்ந்து வேறிடத்தில் போய் இணைய முடியாது. அப்படியானால் உண்மையில் மாறுவது எது?

கயல்விழி:
பாதைகள் அப்படியேதான் இருக்கின்றன. எந்தப் பாதையில் வரும் செய்தி எடுபடுகிறது என்பதுதான் மாறுகிறது. ஒரு நியூரான் (நரம்பணு) தொகுதியின் கிளர்திறன், அதாவது வரும் செய்திக்கு எளிதில் வினைபுரியும் தன்மை, அலைபோல ஏறி இறங்குகிறது. ஏறுமுகத்தில் வந்து சேரும் துடிப்புக்குப் பலன் உண்டு. இறங்குமுகத்தில் வருவது பெரும்பாலும் வீணாகிறது. ஆகவே இரு பகுதிகளின் அலைவுகள் ஒத்திசைந்தால் அவற்றுக்கிடையே செய்தி தடையின்றிச் செல்கிறது. இசைவு பிசகினால், இணைப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. நரம்பியல் ஆய்வாளர் பாஸ்கல் ஃப்ரீஸ் 2005இல் முன்வைத்த இக்கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியதே. எனினும் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

பிரான்சிஸ்கோ வரேலாவின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். நேராகக் காட்டினால் முகமாகவும், தலைகீழாகக் காட்டினால் வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளாகவும் தெரியும் மூனி படங்களைக் காட்டி, தலையில் பொருத்திய மின்முனைகள் வழியே மூளையின் மின் அலைவுகளை அளக்கும் இ.இ.ஜி. பதிவு செய்தார்கள். முகம் புலப்பட்டபோது, படம் தோன்றிய ஏறத்தாழ கால் வினாடியில், தலையில் வெகுதூரம் தள்ளியிருந்த மின்முனைகளுக்கிடையே காமா எனப்படும் வேகமான அலைவுகள் ஒத்திசைந்தன. அடுத்து அந்த இசைவு முற்றிலும் சிதறியது. பார்த்தவர்கள் தங்கள் பதிலைத் தெரிவிக்கப் பொத்தானை அழுத்தும் வேளையில் மீண்டும் ஓர் இசைவு எழுந்தது. எனக்கு வியப்பளிப்பது இடையிலுள்ள சிதறல்தான். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, முதலில் அமைந்த இசைவை மூளை வேண்டுமென்றே கலைக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

செந்தில்:
ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரத் பிஸ்வால் 1995இல், சும்மா படுத்திருப்பவர்களின் எம்.ஆர்.ஐ. பதிவிலும் இடது, வலது இயக்கப் புறணிகள் (உடல் அசைவுகளை இயக்கும் மூளையின் மேற்பரப்புப் பகுதிகள்) ஒரே தாளத்தில் மெதுவாக ஏறி இறங்குவதைக் காட்டினார். மைக்கேல் கோலும் பிறரும் 2014இல் பல்வேறு பணிகளின் வலையமைப்புகளை ஓய்வுநிலையோடு ஒப்பிட்டபோது, இரண்டும் பெருமளவு ஒன்றாகவே இருந்தன. பணிக்கேற்ப வரும் மாற்றம் சிறியது. ஆனால் அது ஒழுங்கானது. மேலும், இரத்த ஓட்டத்தை வைத்து அளக்கும் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை உச்சத்தை எட்டவே 5 வினாடிகள் ஆகும் என்பதால், கனசதுரம் புரளும் அந்தக் கணத்தை அதில் தேடுவது கடினம்.

நிலவன்:
மிக்க நன்றி. அப்படியானால், படம் வருவதற்கு முன்பே மூளை எந்த நிலையில் இருந்தது என்பதும் நாம் காண்பதைப் பாதிக்குமா?

கயல்விழி:
பாதிக்கும். கோப்பையாகவும் எதிரெதிர் முகங்களாகவும் தோன்றும் ரூபின் படத்தை, நீண்ட இடைவெளிகள் விட்டுச் சிறிது நேரம் மட்டும் காட்டிய ஹெஸல்மன் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வைப் பாருங்கள். “முகங்கள்” என்று பதில் வந்த தடவைகளில், முகங்களுக்கு வினைபுரியும் புறணிப் பகுதியின் செயல்பாடு படம் தோன்றுவதற்கு முன்பே சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் இது பல தடவைகளின் சராசரியில் தெரியும் சாய்வு மட்டுமே. தனியொரு தடவையில் எது தெரியும் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.